குடிவந்த அன்று வீடு எப்படி இருந்தது? மூன்று வாடகைப் பாரங்கள், ஒரு மண்டபத்துக்காரியின் அனுபவம்

2021 ஜூலையில் பழைய வீட்டைக் காலி செய்தபோது, கொடுத்திருந்த 30,000 ரூபாய் அட்வான்ஸில் 10,500 ரூபாய்தான் கைக்குத் திரும்பி வந்தது. வெள்ளையடிக்க 9,000, துருப்பிடித்த இரண்டு சன்னல் கிரில்லுக்கு 4,500, காரை பெயர்ந்து விழுந்த சன்ஷேடைப் பூச 6,000 என்று வீட்டுக்காரர் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிரில்லில் நாங்கள் குடிவந்த நாளிலேயே துரு இருந்தது. அது எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், அடுத்த வீட்டு அக்காவுக்கும் தெரியும். எந்தத் தாளிலும் மட்டும் அது இல்லை.

அதற்குப் பிறகுதான் வாடகைக்கு என்று இருக்கும் பாரங்களை, அதாவது படிவங்களை, ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்து படித்தேன். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் தையல் வேலை செய்கிறேன், என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சட்டம் படித்தவள் இல்லை. மூன்று வகைப் பாரங்களை நானே கையில் வைத்துப் படித்து, நிரப்ப வேண்டியதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு வீடுகளில் அவற்றோடு வாழ்ந்து பார்த்திருக்கிறேன். புது மிக்ஸி வாங்கினால் எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று நாலு பேரிடம் சொல்கிறோம். அதே மாதிரி இவற்றைப் பற்றியும் சொல்லத் தோன்றியது.

முதலில் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அச்சடித்த வாடகை ஒப்பந்தப் பாரம். 2015-இல் நாங்கள் பழைய வீட்டுக்குப் போனபோது இருந்தது இது ஒன்றுதான். 20 ரூபாய் பத்திரத்தாள் ஒன்று, அதோடு இந்த அச்சுத் தாள். கோடிட்ட இடங்களில் பெயர், அப்பா பெயர், கதவு எண், வாடகை, அட்வான்ஸ். 'மேற்படி வீட்டை 11 மாத காலத்துக்கு' என்று அச்சிலேயே இருக்கும். அது ஏன் பதினொன்று என்று அப்போது நான் கேட்கவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் போகிற குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்றுதான் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது.

இந்தப் பாரத்தில் நல்லது என்று சொல்ல ஒன்று உண்டு. தமிழில் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் புரியும். மலிவு. மற்றபடி அந்தத் தாளில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர் என்னென்ன செய்யக் கூடாது என்பதுதான். ஆணி அடிக்கக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது, குடியிருக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும், காலி செய்யும்போது 'நல்ல நிலையில், வெள்ளையடித்து' ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வரி: அட்வான்ஸை வட்டியில்லாமல் திருப்பித் தருவார். எத்தனை நாளில் தருவார், எதையெல்லாம் பிடிப்பார் என்று ஒரு வார்த்தையும் கிடையாது. 'குடியிருக்க மட்டுமே' என்ற வரி எனக்கு ஆறு வருஷமும் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. முன்னறையில் தையல் மிஷின் ஓடும்போது வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் துணியைப் போட்டு மூடிவிடுவேன்.

அந்த 11 மாதம் 2016-லேயே முடிந்துபோனது. புதுத் தாள் எழுத அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாதா மாதம் வாடகை கையில் கொடுத்தோம், ரசீது வாங்கியதில்லை. நல்ல மனிதர்தான், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து அனுப்புவார். அதனால் தாள் எதற்கு என்று இருந்துவிட்டோம். காலி செய்யும் நாளில் அவர் கையில் இருந்தது அந்தப் பழைய தாள், அதில் 'நல்ல நிலையில், வெள்ளையடித்து' என்ற வரி. என் கையில் ஒன்றும் இல்லை. கடைப் பாரத்துக்கு நான் பத்துக்கு மூன்று தருவேன், அந்த மூன்றும் தமிழுக்காக.

அடுத்தது அரசுப் பாரம். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெகுகாலம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்குமாக 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. இந்தச் சட்டப்படி வாடகைக்கு விடுவதென்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாதவர். பதினொரு மாதம் என்று எழுதிவிட்டால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகக் கதை. இந்தப் பதிவுக்கு மாதக் கணக்கு கிடையாது. பதிவுக்கான பாரம் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவு எண் வரும்.

2021 ஆகஸ்டில் இப்போதிருக்கும் வீட்டைப் பார்த்தோம். வாடகை 5,000. வீட்டுக்காரம்மா வயதானவர், கணவர் இல்லை, மகன் திருப்பூரில் இருக்கிறார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். அட்வான்ஸ் 30,000 கேட்டார். வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதே பெரியம்மா என்று சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, மகனுக்குப் போன் போட்டார். பத்து நிமிஷம் பேசினார். "சரி, பதினஞ்சாயிரம் குடு" என்றார். வாதம் சண்டை எதுவும் இல்லை. ஒரு பாரத்தைப் படித்து வைத்திருந்ததால் 15,000 ரூபாய் எங்கள் கையிலேயே நின்றது. அந்தப் பணத்தில்தான் ஓவர்லாக் மிஷின் வாங்கினேன்.

முதல் அட்டவணைப் பாரம் பார்க்கப் பெரிதாக இல்லை. உரிமையாளர் பெயர், முகவரி, வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால் அவர் பெயர், வாடகைதாரர் பெயர், முகவரி, முன்பு இதே வீட்டில் வாடகைக்கு இருந்தது உண்டா, வீட்டின் விவரம், சேர்ந்த காலி இடம், எந்தத் தேதியில் வீடு ஒப்படைக்கப்பட்டது, வாடகை எவ்வளவு, கூடவே கொடுத்த சாமான்கள், மின்சாரம், தண்ணீர் போன்ற மற்றக் கட்டணங்கள், எவ்வளவு காலத்துக்கு. பிறகு இருவருடைய பான் எண், ஆதார் எண், போன் எண். ஒப்பந்தத்தைக் கூடவே இணைக்க வேண்டும். எங்களுக்கு நெட் சென்டரில் எடுத்துக் கொடுத்தது இங்கிலீஷ் பிரதி. மகள் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள்தான் வரிவரியாகச் சொல்ல, நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

பெரியம்மாவுக்குப் பயம் ஆதாரில் வந்தது. "ஆதார் குடுத்தா வீட்ட எழுதி வாங்கிருவீங்களோ?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்கு வருத்தமாக இல்லை, அவர் நிலைமையில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். என் ஆதாரும் அதே தாளில்தான் போகிறது பெரியம்மா, இதில் நான் வாடகைக்கு இருக்கிறவள் என்றுதானே எழுதியிருக்கிறது, நாளைக்கு வீடு எனதென்று நான் சொன்னால் இந்தத் தாளே என்னைப் பொய்யாக்கும் என்றேன். அதுதான் அவர் மனதில் பதிந்தது. இந்தப் பதிவு வாடகைக்காரர்களுக்காக வந்தது என்று வீட்டு உரிமையாளர்கள் ஒதுங்குகிறார்கள். எனக்கென்னவோ, தனியாக இருக்கும் பெரியம்மா மாதிரியானவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்று படுகிறது. யார் குடியிருக்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து, என்ன வாடகைக்கு என்று அரசிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியம்மாவின் மகன் திருப்பூரில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

வீட்டுக்காரர், வாடகைக்காரர் இருவரில் யார் வேண்டுமானாலும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 'அவர் செய்ய மாட்டேங்கிறார்' என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் விஷயத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

தையல் மிஷின் விஷயத்தையும் ஒப்பந்தத்தில் எழுதினேன்: 'முன்னறையில் வாடகைதாரர் தையல் மிஷின் இரண்டு வைத்துத் தைப்பதை உரிமையாளர் அறிவார், சம்மதிக்கிறார்.' ஒரே வரி. வண்டிச் சத்தம் கேட்டுத் துணி போட்டு மூடும் வேலை அன்றோடு போயிற்று.

இந்தப் பாரத்தில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான், ஆனால் அது எங்கள் ஊருக்குப் பெரிய குறை. வீட்டோடு கொடுத்த சாமான் என்னென்ன என்று எழுத இடம் இருக்கிறது. வீடு என்ன நிலையில் இருந்தது என்று எழுத இடம் இல்லை. சட்டமோ, சாதாரணமாகப் புழங்கித் தேய்வது நீங்கலாக, குடிவந்தபோது இருந்த நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. குடிவந்தபோது இருந்த நிலை எது? அதை எங்கே எழுதினோம்?

மதுரையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகடல் பக்கமிருந்து வரும், ஆனி, ஆடியில் தென்கடல் பக்கமிருந்து காற்று அடிக்கும். சன்னல் கம்பியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். இந்த உப்புதான் பூச்சுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் தன்னைச் சுற்றியிருக்கும் காரையை வெடிக்க வைத்துத் தள்ளும். அதனால்தான் சன்ஷேடின் அடிப்பக்கம் முதலில் கோடு விழும், பிறகு உப்பும், ஒரு நாள் மத்தியானம் பொத்தென்று விழும். யாரும் கை வைக்காமலே விழும். ஆறு வருஷம் குடியிருந்தவர் காலி செய்யும்போது விழுந்தால் அவர் தலையில் எழுதுவார்கள். சாதாரணத் தேய்மானம் என்பதற்குக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் ஒரு அளவு, கடற்கரையில் ஒரு அளவு. கிரில்லுக்கு வருஷம் ஒரு தடவை பெயின்ட் அடித்தாலும் எங்கள் பக்கம் துரு மேலே வந்துவிடும்.

அதனால் நானே ஒரு தாள் சேர்த்தேன். சட்டம் கேட்காத தாள், ஒப்பந்தத்தோடு பின் அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனேன். 'முன்னறை: கிழக்குச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஈரம், டிஸ்டெம்பர் உரிந்திருக்கிறது. வடக்குச் சன்னல்: ஆறு கம்பியில் இரண்டில் துரு. சமையலறை: மேல் அலமாரிப் பலகையின் அடியில் கோடு, ஒரு சாண் நீளம். கழிப்பறைக் கதவு: கீழ்ப்பக்கத் தகரம் அரித்திருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி: மூடி உண்டு, மிதவை வால்வு இல்லை.' இப்படி எழுதிக்கொண்டே போனேன். மகள் ஒவ்வொன்றையும் அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்து, தேதி தெரிய, போனில் படம் எடுத்தாள்.

பாதியில் பெரியம்மா முகம் சுண்டிவிட்டது. "என் வீட்ட இப்படிக் கொற சொல்லி எழுதுறியேத்தா" என்றார். அவரும் கணவரும் நகை வைத்துக் கட்டிய வீடு. எனக்குக் கை நின்றுவிட்டது. நான் சொன்னேன்: பெரியம்மா, இது குறை இல்லை. இதற்குமேல் நான் கெடுத்தால் என்னிடம் நீங்கள் கேட்கலாம், இதையே நான் கெடுத்தேன் என்று யாரும் கேட்க முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே எழுந்து பின்பக்கம் போனார். "கிணத்தடிச் சுவத்த விட்டுட்ட பாரு. அங்க மேலருந்து கீழ வரைக்கும் வெடிச்சிருக்கு. அதையும் எழுது" என்றார். மொத்தம் இரண்டு பக்கம் வந்தது. அடியில் இருவரும் கையெழுத்துப் போட்டோம், ஆளுக்கு ஒரு பிரதி.

இந்தத் தாளைச் சேர்த்தால் முதல் அட்டவணைப் பாரத்துக்கு எட்டு கொடுப்பேன். தாள் இல்லாமல் ஆறுதான்.

மூன்றாவது, சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. இது நிரப்புகிற பாரம் கிடையாது, ஒரு பட்டியல்: எந்தப் பழுது யார் பொறுப்பு. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். எங்கள் வீட்டில் பீரோவுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் பொறுப்பு: வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் நீங்கலாகக் கட்டடத்தின் உறுதி சம்பந்தப்பட்ட பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் ஓடும் மின் வயரிங். வாடகைதாரர் பொறுப்பு: குழாயின் வாஷர், குழாய் மாற்றுவது, சாக்கடை சுத்தம் செய்வது, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின் பழுது, ஸ்விட்ச், பிளக் பாயின்ட், கதவு அலமாரிகளின் பூட்டு, கைப்பிடி, கொசு வலை, சன்னல் கண்ணாடி இப்படி. கையால் தினமும் தொட்டுப் புழங்குவது குடியிருப்பவருக்கு, சுவருக்குள் மறைந்திருப்பது வீட்டுக்காரருக்கு என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். முழுக்கச் சரியாக வராது, ஆனால் பெரும்பாலும் வரும்.

வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்ற வரியை முதல் தடவை படித்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அந்த 9,000 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது. அட்வான்ஸை, வாடகைதாரர் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் அந்தப் பழைய வீட்டுக்காரரிடம் திரும்பப் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. என்னிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லையே.

இந்தப் பட்டியல் எங்களுக்கு உழைத்தது 2023 டிசம்பரில். ஒரு வாரம் விடாமல் மழை. முன்னறை ஈரச் சுவருக்குள் ஓடிய வயர் ஷார்ட் ஆகி மெயின் விழுந்துகொண்டே இருந்தது. அதே வாரம் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் துருவில் பிளந்து, தண்ணீர் சுவரோடு வழிந்தது. பெரியம்மாவின் மகனுக்குப் போன் போட்டேன். "குடியிருக்கிறது நீங்கதானக்கா, நீங்கதான பாக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் வாதாடாமல் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கூடவே குடிவந்த அன்று எழுதிய தாளில் 'கிழக்குச் சுவரில் ஈரம்' என்ற வரியையும். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். எலக்ட்ரீஷியன் பில்லில் வயரிங்குக்கு ஆன 3,800 அவர் கணக்கு, கருகிப்போன இரண்டு ஸ்விட்சும் ஒரு பிளக்கும் 260 எங்கள் கணக்கு. பிளம்பர் பில்லில் குழாய் 2,600 அவர், சமையலறையிலும் பின்பக்கமும் மாற்றிய இரண்டு டேப் 480 நாங்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் ஒரே போனில் முடிந்தது.

இரண்டாம் அட்டவணைக்கு ஒன்பது. மீதி ஒன்று எதற்குப் பிடித்தேன் என்றால், அதிலும் உப்புக் காற்று இல்லை. கிரில் துருவுக்கு யார் பொறுப்பு என்று தனியாக வரி கிடையாது. சன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதால் அதற்குள் வரும் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். பெயின்ட் டப்பா பெரியம்மா வாங்கித் தருவார், உப்புத்தாள் தேய்த்து அடிப்பது என் கணவர். இதை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எழுத்திலும் போட்டுவிட்டோம்.

வாடகைப் பாக்கி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடலை நம்பி இருக்கிற குடும்பங்களுக்கு அதுதான் பெரிய பயம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சட்டத்தில் வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று: இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதமாகியும் கட்டாமல் இருப்பது. 61 நாளையும் இரண்டு மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகுக்காரக் குடும்பம் ஒன்று தடைக்காலத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்தினால் நேராக அந்த விளிம்பில் போய் நிற்கும். ஆனாலும் அறிவிப்பு வந்த பிறகு ஒரு மாத அவகாசம் இருக்கிறது, அதற்குள் படகு கடலுக்குப் போய்விடும். அறிவிப்புக் கடிதம் வந்தால் பயந்து வாங்க மறுக்காமல், வாங்கி, தேதியைக் குறித்து வையுங்கள். வீட்டைக் காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். சாமானைத் தூக்கி வெளியே வைப்பது சட்டம் சொல்லும் வழி இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஒப்பந்தத்திலேயே 'மே, ஜூன் மாதங்களில் பாதி வாடகை, மீதி ஆகஸ்ட், செப்டம்பரில்' என்று எழுதிக்கொண்டோம். பெரியம்மாவும் மீன்பிடிக் குடும்பத்திலேயே பிறந்தவர், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதி கட்டினாலும் ரசீது உண்டு. வாடகை கொடுத்தால் உடனே எழுத்தில் ரசீது கேட்டு வாங்க வாடகைதாரருக்கு உரிமை இருக்கிறது. கடையில் விற்கும் பில் புத்தகம் ஒன்றை 40 ரூபாய்க்கு வாங்கிப் பெரியம்மா வீட்டிலேயே வைத்துவிட்டேன். நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

ரசீதின் அருமை எதிர்ச் சந்தில் ஒரு குடும்பத்துக்கு வந்த கஷ்டத்தைப் பார்த்தபோது இன்னும் புரிந்தது. அவர்களை எழுப்பிவிட்டு வேறு ஆளுக்கு விட வீட்டுக்காரர் நினைத்தார் போல. வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 'அப்புறம் வாங்கிக்கிறேன்' என்று மூன்று மாதம் வாங்கவே இல்லை. பிறகு பாக்கி என்று பேச்சு வந்தது. நடுவில் ஒரு வாரம் மோட்டாரைப் போடாமல் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். அந்தத் தங்கச்சி அழுதுகொண்டு என் தையல் அறைக்கு வந்தாள், கையில் மூன்று வயதுப் பிள்ளை. வாடகையை வாங்க மறுத்தால் அதை வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசியத் தேவைகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவு போட முடியும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லி, என் மகள் மனு எழுதிக் கொடுத்தாள்.

அந்த மனுவை எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. வீட்டின் விவரம், வாடகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்று வரிசையாக எழுத வேண்டியிருந்தது. அவளிடம் பதிவு எண் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ரசீது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அவள் என் மகளின் முகத்தைப் பார்த்தாள். வாடகை கொடுத்த தேதிகளைக் கண்டுபிடிக்க, மகளிர் குழுத் தவணை கட்டிய நோட்டை எடுத்து வைத்து, 'அன்னிக்குத்தான் வாடகையும் குடுத்தேன்' என்று ஞாபகத்திலிருந்து சொன்னாள். நல்லவேளை, நாங்கள் மனுவின் நகலைக் கொண்டுபோய்க் காட்டிப் பேசியதிலேயே வீட்டுக்காரர் தண்ணீரைத் திறந்துவிட்டார், வாடகையையும் எண்ணி வாங்கிக்கொண்டார். அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. போயிருந்தால் அவள் கையில் காட்ட என்ன இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சண்டை வந்த பிறகு நிரப்புகிற பாரங்கள் எல்லாம் சண்டை வருவதற்கு முன் நிரப்பிய பாரத்தைத்தான் தேடுகின்றன. அதனால் யாராவது என்னிடம் எந்தப் பாரம் நல்லது என்று கேட்டால், முதல் அட்டவணையை எடுங்கள், குடிபோகிற அன்றே இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து நிரப்புங்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய தாளைப் பின் அடியுங்கள் என்கிறேன். கடைப் பாரம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'வெள்ளையடித்து' என்ற வார்த்தையைக் கையெழுத்துப் போடும் முன் அடித்துவிட்டு, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஒரு நடைமுறை விஷயம். நெட் சென்டரில் போய்ப் பதிகிறவர்கள் ஒப்பந்தம், இருவருடைய ஆதார், பான் நகல் எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிபார்த்து எடுத்துப் போங்கள். நாங்கள் முதல் தடவை போனபோது பெரியம்மாவிடம் பான் கார்டு இல்லை, அதற்கு விண்ணப்பித்து வாங்குவதற்குள் மூன்று வாரம் போயிற்று. நெட் சென்டர் தம்பி அவசரத்தில் கதவு எண்ணை மாற்றி அடித்துவிட்டார், நான் பார்த்துச் சொன்னதால் அனுப்பும் முன் திருத்தினார். அனுப்பு என்று அழுத்துவதற்கு முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி ஒரு தடவை வாசியுங்கள்.

போன மாதம் பெரியம்மா பின்கட்டை ஒரு புதுத் தம்பதிக்கு விட்டார். அந்தப் பையனுக்கு உச்சிப்புளிப் பக்கம் வேலை. சாமான் இறங்குவதற்கு முன்னாலேயே பெரியம்மா என் கதவைத் தட்டினார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும். "வாத்தா, வந்து எழுதிக் குடு. சமையக்கட்டுச் சன்னல்ல மூணாவது கம்பி அடியில துரு இருக்கு, அதுலருந்து ஆரம்பி" என்றார்.